'இன்னொரு பேரு எதுக்குங்க?'

பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு காலனி. ஊர்ப் பெயரும் பையன் பெயரும் இங்கே வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போயிருந்தேன். தேங்காய் உரிக்கிறவர்கள் களத்து ஓரம் உட்கார்ந்து வாரக் கடைசிக் கூலியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரல் விட்டு எண்ணினார். இன்னொருவர் செல்போனைத் தட்டினார். கணக்கு ஒத்துவரவில்லை. ஓரத்தில் மட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்:

"நாலாயிரத்து முந்நூத்தி அம்பது காய். காய்க்கு ஒரு ரூவா பத்துப் பைசா. மொத்தம் 4,785ங்க. மூணு பேருக்கு ஆளுக்கு 1,595. எங்கப்பன் முன்னாடியே 500 வாங்கீட்டாரு. அவருக்கு 1,095 குடுத்தாப் போதும்."

செல்போனில் போட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "4,350க்குப் பத்துல ஒரு பங்கு 435 இல்லீங்களா? அதைச் சேர்த்தா ஆச்சுங்க" என்றான். சதவீதக் கணக்கை எந்தப் புத்தகமும் இல்லாமல் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அவனுடைய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்பு மையால் நிறைந்திருந்தது. 41 என்பது 14 ஆக இருந்தது. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிப் பாதியில் நின்றிருந்தன. 'ழ', 'ள', 'ல' மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பக்கத்தின் கீழே "கவனமில்லை" என்று எழுதியிருந்தது.

அவன் அம்மா சொன்னார்: "ஏனுங்ணா, பையனுக்கு மண்டைல ஒண்ணும் ஏறாதுன்னு சொல்றாங்க. எட்டாவதோட நிறுத்தீட்டுத் தோப்பு வேலைக்கு அனுப்பீரலாம்னு இவங்கப்பன் சொல்றாருங்க."

இரண்டு பட்டியல்கள்

நம் பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டு பட்டியல் வைத்திருப்பார்கள். ஒன்று மீத்திறன் மாணவர் பட்டியல். மற்றொன்று மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல். முதல் பட்டியலில் இருக்கிற பிள்ளைக்குத் திறனாய்வுத் தேர்வு, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி. இரண்டாம் பட்டியலில் இருக்கிற பிள்ளைக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு, திரும்பத் திரும்ப வாய்பாடு.

ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கலாம் என்று நம் பள்ளிக்கூடம் நினைத்துப் பார்ப்பதில்லை. கேட்கும் திறன் குறைந்த ஒரு பெண் படம் வரைவதில் வகுப்பையே மிஞ்சுவாள். பார்வை இல்லாத பையன் ஒரு முறை கேட்ட பாடத்தை வரி பிசகாமல் சொல்வான். கை நடுங்குகிறவனுக்கு அறிவியல் விளங்கும், எழுதத்தான் நேரம் போதாது. படிப்பதில், எழுதுவதில் மட்டும் மூளை வேறு வழியில் வேலை செய்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதை டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா என்கிறார்கள். சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறது. இந்தக் குறைபாட்டுக்கும் அறிவுக்கூர்மைக்கும் சம்பந்தமே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கடினம். குறை பெரிதாகத் தெரிந்தால் திறமை அதன் பின்னால் மறைந்துகொள்ளும். திறமை பெரிதாகத் தெரிந்தால் "இவ்வளவு தெரிந்தவனுக்கு எழுத மட்டும் வராதா? திமிர்" என்று சொல்லிக் குறையை நம்ப மறுப்பார்கள். இன்னும் சில பிள்ளைகளிடம் இரண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். அந்தப் பிள்ளை 38, 40 மதிப்பெண் வாங்கும் சராசரிப் பிள்ளையாக, யார் கண்ணிலும் படாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போய்விடும்.

காலனிப் பிள்ளைக்குக் கூடுதல் திரை

இவை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. நம் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இரண்டு திரைகள் இருக்கின்றன.

முதல் திரை சாதி. காலனிப் பிள்ளை படிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. 'அவங்க அப்படித்தான்' என்பதே காரணமாகப் போதுமானதாக இருக்கிறது. கவுண்டர் வீட்டுப் பையனுக்கு எழுத்து தலைகீழாக வந்தால் கோவையில் மருத்துவரைப் பார்ப்பார்கள். அதே எழுத்து நம் பையனுக்குத் தலைகீழாக வந்தால் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். 2022ஆம் ஆண்டின் கடைசியில் பெருந்துறைக்கு அருகே ஒரு ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். இந்தப் பிள்ளையின் கைக்குத் துடைப்பம்தான் பொருத்தம் என்று நினைக்கிற கண்ணுக்கு, அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஓடும் கணக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது திரை மொழி. கொங்குப் பகுதியில் பல அருந்ததியர் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தெலுங்கு; சில வீடுகளில் கன்னடம். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் புதிது, பாடப் புத்தகத்துத் தமிழும் புதிது. ஆசிரியர் கேட்பது புரியாமல் விழிக்கிற பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளையை "வீட்டில் தெலுங்கு பேசுகிறான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் நம் பிள்ளைகளைச் சோதிக்கிறவர்கள் வீட்டு மொழியிலும் பேசிப் பார்க்க வேண்டும். தமிழில் மட்டும் தடுமாறினால் அது மொழிப் பழக்கம். வீட்டு மொழியில் நன்றாகப் பேசிக் கதை சொல்கிற பிள்ளைக்கு, இரண்டு மூன்று ஆண்டு பழகிய பிறகும் எழுத்து மட்டும் கைக்கு வரவில்லை என்றால் அதைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

பழனிப் புலவரும் ஆனைமலைப் பையனும்

தமிழ் படித்தவன் என்பதால் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. மாம்பழக் கவிச்சிங்க நாவலர் நம் கொங்குக்கு அண்டையிலுள்ள பழனியில் 1836இல் பிறந்தவர். மூன்று வயதில் பெரியம்மை கண்டு இரண்டு கண்ணும் போயின. ஒருமுறை கேட்டதை மறக்காத நினைவாற்றல் அவருக்கு இருந்ததை வீட்டார் கண்டுகொண்டார்கள். ஆசிரியர்களிடம் பாடம் கேட்க வைத்தார்கள். காதால் கேட்டே இலக்கணமும் இலக்கியமும் கற்று, சேதுபதியின் அவையில் கவிச்சிங்கமாக நின்றார். அவருக்கு முன்பே அந்தகக்கவி வீரராகவர் இருந்தார். பார்வையில்லாத அவருக்கு முதுகில் எழுத்தை வரைந்து காட்டிக் கற்பித்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இன்றைக்குப் பெரிய பெயர் சொல்லிப் பேசுகிற கல்வி முறை அதுதான். கண் வழியே போகாத பாடத்தைக் காது வழியே கொடுத்தார்கள், தோல் வழியே கொடுத்தார்கள். பார்வை வரட்டும், பிறகு பாடம் சொல்கிறோம் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடி எந்தத் தெருவில் இருந்தது, எந்தத் தெருவில் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். நம் தெருவில் அதே நினைவாற்றலோடு பிறந்த பார்வையற்ற பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பறை அடித்தும் கூத்துப் பாடியும் அவர்கள் நினைவில் வைத்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கை நமக்குத் தெரிந்ததுதான். தனியாகக் கோணிப்பை விரித்து உட்கார்ந்தார். குழாயைத் தொட முடியாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அந்தப் பிள்ளை 1907இல் மெட்ரிக் தேறியபோது கெலுஸ்கர் என்ற ஆசிரியர் புத்தர் வரலாற்றை அவர் கையில் கொடுத்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை தர வழி பிறந்தது. 1913இல் அதே பரோடாவின் உதவியில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அறிவு அவருடையது. ஆனால் அந்த அறிவை அடையாளம் கண்ட ஒரு கண்ணும், மாதாமாதம் வந்த 25 ரூபாயும் இல்லாமல் அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைதானத்தில் தெரிவது வகுப்பில் தெரியவில்லை

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அந்தப் பையனின் தாண்டலைக் கவனித்தார். 14 வயதில், ஊனம் இல்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம்.

பாரிசில் பாட்மிண்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி முருகேசன் காஞ்சிபுரத்துக்காரர். அவர் அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். ஒரு கை சரியாக இயங்காத பெண், ஒரே நேரத்தில் கால்நடை மருத்துவமும் உலகத்தர விளையாட்டும் என்று நம் கொங்கு மண்ணில் நடமாடிக்கொண்டிருந்தார்.

விளையாட்டில் திறமை சட்டென்று தெரிந்துவிடுகிறது. கம்பி 1.89இல் இருக்கிறது, தாண்டினான் அல்லது தாண்டவில்லை. வகுப்பறையில் அப்படி இல்லை. அங்கே திறமைக்கு ஒரே வாசல்தான் வைத்திருக்கிறோம்: மூன்று மணி நேரம், தாள், பேனா. அந்த வாசல் வழியாக நுழைய முடியாத பிள்ளைக்கு உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வாசித்துக் காட்ட ஒரு குரல்

2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்ற அதிகாரி, சென்னையைச் சேர்ந்த பெனோ ஸெபைன். 2019ஆம் ஆண்டின் குடிமைப்பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்றவர் மதுரையைச் சேர்ந்த பூரணசுந்தரி. இருவர் கதையிலும் ஒரு பொதுச் செய்தி உண்டு. வீட்டில் இருந்தவர்கள், நண்பர்கள் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். கணினியும் ஒலிப்பதிவும் துணைக்கு வந்தன.

இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். இப்படிச் சாதித்த பிள்ளைகளின் பின்னால் பெரும்பாலும் வாசித்துக் காட்ட ஒரு அம்மா இருக்கிறார். மருத்துவமனைக்கு அழைத்துப்போக விடுப்பு எடுக்கும் ஒரு அப்பா இருக்கிறார். நம் காலனியில் அம்மாவுக்கே எழுத்து தெரியாது. அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. மற்ற வீடுகளில் குடும்பம் தனியாகச் செய்துகொள்ளும் வேலையை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அரசும் தெருவும் சேர்ந்துதான் செய்தாக வேண்டும். இது சலுகை கேட்பதில்லை. சட்டம் சொல்வதும் இதுதான்.

சட்டம் என்ன தருகிறது

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் புதிதாகச் சேர்ந்தவை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், சேரும் வயதில் 5 ஆண்டு தளர்வு. அரசு வேலையில் 4 சதவீதம்.

'எஸ்.சி. கோட்டாவில் போவதா, மாற்றுத்திறனாளி கோட்டாவில் போவதா?' என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒன்றை விட்டு ஒன்று என்பது இல்லை. தறி தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். சமூகவாரி ஒதுக்கீடு பாவு நூல் மாதிரி நீளவாக்கில் ஓடுகிறது: நம் மாநிலத்தில் பட்டியலினத்தவருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம். மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு ஊடை நூல் மாதிரி எல்லாப் பாவுக்கும் குறுக்கே ஓடுகிறது. நம் பிள்ளை இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிற்கிறது. விண்ணப்பத்தில் சாதிச் சான்றையும் மாற்றுத்திறனாளிச் சான்றையும் இரண்டையுமே இணைக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஜூலையில் ஆர்யன் ராஜ் வழக்கு. அறிவுசார் குறைபாடு உள்ள, ஓவியம் படிக்க விரும்பிய மாணவர் அவர். சண்டிகர் ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் வேண்டும், பட்டியலினத்தவருக்கு 35 போதும். மாற்றுத்திறனாளிகளும் சமூக அளவில் பின்தங்கியவர்களே, அந்தத் தளர்வு அவர்களுக்கும் உண்டு என்றது நீதிமன்றம். நாம் போராடிப் பெற்ற தளர்வு, இன்னொரு ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்கும் கதவு திறந்திருக்கிறது. இதை நாம் பெருமையாகவே சொல்லலாம்.

2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கு. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு உள்ளவருக்கு, 40 சதவீத வரம்பை எட்டாவிட்டாலும், சொல்வதை எழுதுபவரைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. டிஸ்கிராபியா உள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வில் தர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அது அநீதி என்றும், அதைச் சரிசெய்ய வழி காண வேண்டும் என்றும் தேர்வு முகமைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. உரிமை தாளில் இருந்தால் போதாது, தேர்வு அறையில் கண்காணிப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது.

அதே 2021 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. ஆந்திரத்தில் பார்வையற்ற பட்டியலினப் பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கு அது. சாதி, பாலினம், குறைபாடு மூன்றும் ஒருவர் வாழ்க்கையில் சேர்ந்து அழுத்தும்போது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் விரிவாகப் பேசியது. அந்தப் பார்வை பள்ளிக்கூட வாசலுக்கும் வர வேண்டும்.

கார்டா, பேரா?

இனி அந்தத் தோப்புக் காலனிக்குத் திரும்புவோம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரிடம் பேசினேன். அவர் வந்து பையனைப் பார்த்தார். தமிழிலும் அரைகுறைத் தெலுங்கிலும் பேசினார். கற்றல் குறைபாடு இருக்கலாம், அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்று வாங்கினால் தேர்வில் சலுகை கிடைக்கும் என்றார்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து நிலைப்படியில் நின்றபடி கேட்டார்:

"ஏனுங்ணா, ஊருக்குள்ள எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்குது. அதையே சொமக்க முடியலீங்க. இப்ப எம் பையனுக்கு இன்னொரு பேரு எதுக்குங்க?"

இருபது ஆண்டுகளாக மேடையில் பேசுகிறவன் நான். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா கேட்டது நியாயம். சாதிச் சான்றைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்த நாளிலிருந்து அது எத்தனை பேர் வாயில் வசவாக மாறியது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது சான்றும் அப்படி ஆகாது என்று யார் உறுதி சொல்வது?

அன்றைக்குப் பையனின் தாத்தா ஒன்று சொன்னார். "அந்தச் சாதிச் சான்று வசவாவும் ஆச்சு, ஆனா அதுலதான் எம் மவ நர்சு படிச்சா. காகிதம் நம்ம கைல இருந்தா ஆயுதம், அவங்க வாய்ல இருந்தா வசவு. கைல வாங்கி வையுங்க." நான் பேச வேண்டியதை அவர் பேசினார். அடுத்த மாதம் அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பையனோடு மருத்துவமனை வரிசையில் நின்றார். ஒரு நாளில் முடியவில்லை. மூன்று நாள் போனார். மூன்று நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. சான்று வந்தது.

பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியவை

முதலில், சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைச் சுமந்து வேலை செய்கிறவர்கள். ஒருமுறை சொன்னால் மறந்துபோகலாம், மறுமுறையும் சொல்லுங்கள். மருத்துவச் சான்றுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் பதிவு செய்யுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே காரியம் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது, தேர்வுச் சலுகை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து மொழிப்பாட விலக்கு என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறையும் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்றது. ஆனால் தேர்வுக்கு முதல் வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து ஆணை வாங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளித் தேர்வுகளில் இந்த முறையில் எழுதிப் பழக வேண்டும். சொல்லி எழுத வைப்பதும் ஒரு பயிற்சிதான். வராத பழக்கத்தைப் பொதுத் தேர்வு அன்று வரவழைக்க முடியாது.

மூன்றாவது, திறனாய்வுத் தேர்வுகள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் பிள்ளைகள். குறைபாடு உள்ள பிள்ளையின் பெயரை இதற்கெல்லாம் எழுதவே மறந்துவிடுகிறார்கள். இந்தத் தேர்வில் கேட்பது பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எழுத்து தடுமாறும், மூளை வேகமாக ஓடும் பிள்ளைக்கு அரசுத் தேர்விலேயே பொருத்தமானது இதுதான்.

நான்காவது ஆசிரியர்களுக்கு. எழுத்து சரியானபிறகுதான் கடினக் கணக்கு என்று வைக்காதீர்கள். எழுத்துக்குத் தனியாக உதவுங்கள். அதே வேளையில் அவனுக்குப் பிடித்த கணக்கை மேல் வகுப்பு அளவுக்குக் கொடுங்கள். பத்துக் கணக்கை எழுதச் சொல்வதற்குப் பதில் மூன்றை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுத வைக்காமல் அச்சிட்ட தாளைக் கொடுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை மொழிப்பாடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசிக்க வராத பிள்ளையை வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். இவற்றுக்குப் பணம் வேண்டாம். சிறப்புக் கல்வியில் பயிற்சி தரும் நிறுவனங்கள் நம் கோவையிலேயே இருக்கின்றன. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்திலும், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் உண்டு. அங்கே படிக்கிற மாணவர்கள் நம் காலனிகளுக்குக் களப்பணிக்கு வரக் கேட்டுப் பார்க்கலாம்.

மேதையாக இருக்க வேண்டியதில்லை

ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வளவும் எழுதும்போது, திறமை உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மட்டும்தான் உதவி என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. கணக்கில் புலியாக இருந்ததால்தான் அந்தப் பையனை நான் கவனித்தேன். அது என் குறை. அதே காலனியில், அதே வயதில், எந்த வித்தையும் காட்டாத, நடக்க முடியாத ஒரு பெண் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கடந்துதான் களத்துக்குப் போனேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவளைப் பற்றி விசாரித்தேன். வீட்டுவழிக் கல்விப் பதிவில் அவள் பெயர் இருந்தது. ஆள் வருவது அரிதாக இருந்தது. பிள்ளைக்குப் பள்ளி உரிமை. திறமையைக் காட்டித்தான் அதை வாங்க வேண்டும் என்பதில்லை. அவள் பெயரில்தான் முதல் மனு கொடுத்தோம்.

அவளிடம் என்ன திறமை இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்க ஒரு வாய்ப்பும் கொடுத்ததில்லை. இப்போது சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறாள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

இந்தப் பகுதியைப் படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களால் முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் வாசிக்க முடியாத பிள்ளைக்குத் தினம் அரை மணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். நேரில் முடியாவிட்டால் பாடத்தைச் செல்போனில் பதிவு செய்து கொடுங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளும் இலவசம். அதைப் பழைய கணினியில் போட்டுக் கொடுக்க ஒரு கல்லூரி மாணவர் போதும். அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடத்தும் ஊர்களில், வாசிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று இரண்டு பேரை இதற்காகவே ஒதுக்குங்கள்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் சாயங்காலம் அவனுக்குக் கேள்வியை வாசிக்கிறாள், அவன் வாயால் விடை சொல்கிறான், அவள் எழுதுகிறாள். பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்கும் பாதி வந்துவிட்டது. சொல்வதை எழுதுபவருக்கான ஆணை பள்ளிக்கு வந்துவிட்டதாகப் போன வாரம் அவன் அம்மா போன் செய்தார்.

"மீத்திறன் பட்டியல்ல பேரு போட்டிருக்காங்களாம்ங்ணா. அப்படீன்னா என்னங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இந்தப் பேரு இருக்கட்டுங்க" என்றார்.